பாண்டோகிராப் சமன்பாடு: பயன்பாட்டுக் கணிதத்தில் பல்கலைக்கழகக் கூட்டாய்வின் வரலாறு (1968–1993)

ஆய்வுச்சுருக்கம்

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான கூட்டாய்வு பெரும்பாலும் ஒப்பந்தங்கள், நிதி நல்கைகள், நிறுவனங்கள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. இக்கட்டுரை அவற்றிலிருந்து விலகி, ஒரே ஒரு சமன்பாட்டின் பயணத்தைக் கொண்டு அவ்வரலாற்றை அணுகுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1968-ஆம் ஆண்டு தொடங்கிய தொழில்துறை ஆய்வுக் கூடல்களின் சூழலில் பாண்டோகிராப் சமன்பாடு பெயரும் பொதுக் கோட்பாடும் பெற்ற முறை இங்கு ஆராயப்படுகிறது. அச்சமன்பாட்டின் வடிவம் எண் கோட்பாட்டிலும் வானியற்பியலிலும் முன்பே தோன்றியிருந்தது. ஆயினும் கேள்வி கேட்பவர், மாதிரி அமைப்பவர், கணக்கிடுபவர், நிறுவுபவர் ஆகிய நால்வகையினரும் ஒரே கேள்வியைச் சுற்றிக் கூடியபோதுதான் அது ஒரு தனி ஆய்வுப் பொருளாக வளர்ந்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பயன்பாட்டுக் கணிதம், கூட்டாய்வு, ஆய்வுக் கூடல், பாண்டோகிராப் சமன்பாடு, ஆக்ஸ்ஃபோர்டு, கணித வரலாறு

முன்னுரை

கணிதம் தனியொருவரின் சிந்தனையில் விளைவது என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் வேரூன்றியுள்ளது. தூய கணிதத்தின் வரலாற்றில் இவ்வெண்ணத்திற்குச் சான்றுகள் பல உண்டு. பயன்பாட்டுக் கணிதத்தின் நிலை வேறு. அங்கே கேள்வி பெரும்பாலும் கணிதத்திற்கு வெளியிலிருந்து வருகிறது. கேள்வியைக் கொண்டு வருபவருக்கு அதைக் கணித மொழியில் சொல்லத் தெரிவதில்லை; கணித மொழி அறிந்தவருக்கு அக்கேள்வி எழும் களம் தெரிவதில்லை. இவ்விடைவெளியை நிரப்பும் பணியிலிருந்தே இத்துறையின் கூட்டாய்வு தொடங்குகிறது.

கூட்டாய்வு என்னும் சொல் இன்று பல பொருள்களில் வழங்குகிறது. இரு பல்கலைக்கழகங்கள் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும் கூட்டாய்வு எனப்படுகிறது. ஒரு கட்டுரையின் தலைப்பின்கீழ் பல பெயர்கள் இடம்பெறுவதும் அவ்வாறே அழைக்கப்படுகிறது. இவற்றுள் எது அறிவை வளர்க்கிறது என்பதை அறிய, ஒரு குறிப்பிட்ட சிக்கல் எவ்வாறு கைமாறிக் கைமாறி வளர்ந்தது என்பதைப் படிப்படியாகக் காண வேண்டும். மின் இரயிலின் கூரையிலுள்ள பாண்டோகிராப் என்னும் கருவியின் பெயரால் வழங்கும் சமன்பாடு அதற்கு ஏற்ற சான்றாகும்.

1. ஆய்வுக் கூடல்களின் தோற்றம்

தொழில்துறைச் சிக்கல்களைக் கணித ஆய்வாளர்முன் நேரடியாக வைக்கும் கூடல்களை 1968-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியவர்கள் ஆலன் டெய்லர், லெஸ்லி ஃபாக்ஸ் ஆகிய இருவர். இவர்களின் பின்புலங்கள் வேறுபட்டவை. டெய்லர் வகைக்கெழுச் சமன்பாடுகள்வழி இயற்பியல் சிக்கல்களை அணுகும் பயன்பாட்டுக் கணிதர். ஃபாக்ஸ் எண்ணியல் பகுப்பாய்வாளர். பிரித்தானியத் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கணிதப் பிரிவில் பணியாற்றியபின் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து, 1957-இல் அப்பல்கலைக்கழகத்தின் கணிப்பு ஆய்வகத்திற்கு முதல் இயக்குநரானவர். சூத்திரங்களால் தீர்வு தேடுபவரும் கணிப்பொறியால் தீர்வு தேடுபவரும் ஒரே முயற்சியில் இணைந்தது அம்முயற்சியின் போக்கைத் தொடக்கத்திலேயே வரையறுத்தது.

கூடலின் நடைமுறை எளியது. ஒரு வாரம் அதற்கு ஒதுக்கப்படும். முதல் நாளில் தொழில் நிறுவனங்களின் சார்பாளர்கள் தத்தம் சிக்கல்களை எடுத்துரைப்பர். பேராசிரியர், இளம் விரிவுரையாளர், ஆய்வு மாணவர் என்னும் வேறுபாடின்றி, வந்திருப்பவர்கள் தமக்கு விருப்பமான சிக்கலைத் தேர்ந்து குழுக்களாகப் பிரிவர். சிக்கலைக் கொண்டுவந்தவரும் குழுவோடு அமர்ந்து ஐயங்களுக்கு விடையளிப்பார். வார இறுதியில் ஒவ்வொரு குழுவும் தான் கண்டதை அனைவர் முன்னிலையிலும் உரைக்கும். பின்னர் அது எழுத்து வடிவ அறிக்கையாகும்.

இந்நடைமுறையில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. ஒன்று, சிக்கல் முன்கூட்டியே கணிதமாக்கப்பட்டு வருவதில்லை. அதைக் கணிதமாக்குவதே முதற்பணி. இரண்டு, கால வரம்பு குறுகியது. ஆகவே முழுமையான நிறுவல் எதிர்பார்க்கப்படுவதில்லை. சரியான கேள்வியைக் கண்டடைவதே அவ்வாரத்தின் பயன். மூன்று, கரும்பலகையில் எழுதப்படுவது அந்நேரத்தில் எவருடைய தனியுடைமையும் அன்று. வாரத்திற்குப் பின் அச்சிக்கலை எவர் மேற்கொண்டு ஆராய்வது என்பது விருப்பத்தைப் பொறுத்தது. பாண்டோகிராப் சமன்பாட்டின் வரலாற்றில் இம்மூன்றாம் கூறு பெரும்பங்கு வகித்தது.

2. இரயில்வேயின் கேள்வி

பிரித்தானியாவில் இலண்டனை மான்செஸ்டர், லிவர்பூல் ஆகிய நகரங்களோடு இணைக்கும் இருப்புப்பாதையில் 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் தொடர்வண்டிச் சேவை 1966-இல் முழுமை பெற்றது. வண்டியின் வேகம் கூடக் கூட, மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரத்தைத் தடையின்றிப் பெறுவது பொறியியல் சிக்கலாக எழுந்தது. ஆய்வுக் கூடல்களின் தொடக்க ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்த கேள்விகளுள் இதுவும் ஒன்று.

வண்டியின் கூரையில் மடங்கி விரியும் சட்டமே பாண்டோகிராப். வில்விசையின் உதவியால் அது மேல்நோக்கி எழும்பித் தொடர்புக் கம்பியை அழுத்திக்கொண்டே செல்லும். அக்கம்பி இடைவெளி விட்டு அமைந்த தாங்கிகளால் பிடித்து நிறுத்தப்பட்டுள்ளது. பாண்டோகிராப் அழுத்தும்போது கம்பி சற்றே மேலெழுகிறது. அவ்வசைவு அலையாகக் கம்பியின் இருபுறமும் பரவுகிறது. அலையின் வேகம் கம்பியின் இழுவிசையையும் ஓரலகு நீளத்திற்குரிய நிறையையும் பொறுத்தது. அலை தாங்கியில் மோதித் திரும்பி வந்து பாண்டோகிராப்பையே அசைக்கிறது. அசைவு மிகுந்தால் கருவி கம்பியைவிட்டு விலகும்; விலகிய கணத்தில் மின்பொறி எழும்; கம்பியும் கருவியும் தேயும்.

இச்சிக்கலின் உள்ளடக்கம் எளிய கணக்கில் வெளிப்படுகிறது. வண்டி ஒரு தாங்கியைக் கடந்த கணத்தைச் சுழிய நேரமாகக் கொள்ளலாம். கடந்தபின் ஏதோ ஒரு கணத்தில் பாண்டோகிராப்பிலிருந்து பின்னோக்கிச் செல்லும் அலை தாங்கியில் பட்டுத் திரும்பி, முன்னே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைத் துரத்திப் பிடிக்கிறது. அலை கிளம்பிய நேரத்திற்கும் வண்டியை மீண்டும் எட்டிய நேரத்திற்கும் உள்ள விகிதம் எப்போதும் மாறாதது. அலையின் வேகத்திலிருந்து வண்டியின் வேகத்தைக் கழித்து, அதனை அவ்விரு வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அவ்விகிதம் கிடைக்கும். வண்டியின் வேகம் அலையின் வேகத்தில் பாதி எனில் விகிதம் மூன்றில் ஒன்று. அதாவது, தாங்கியைக் கடந்த 3-ஆவது நொடியில் வண்டியை எட்டும் அலை 1-ஆவது நொடியில் கிளம்பியது. 6-ஆவது நொடியில் எட்டுவது 2-ஆவது நொடியில் கிளம்பியது.

இங்குதான் வழக்கத்திலிருந்து விலகும் ஒன்று தோன்றியது. தாமதம் கொண்ட வகைக்கெழுச் சமன்பாடுகள் அக்காலத்தில் அறியப்பட்டவையே. அவற்றுள் பொதுவாக ஆராயப்பட்டவற்றில் தாமதம் நிலையானது: இப்போதைய மாற்றம் இரண்டு நொடிக்கு முந்தைய நிலையைப் பொறுத்தது என்பது போல அமையும். பாண்டோகிராப்பின் சமன்பாட்டிலோ தாமதம் காலத்தோடு வளர்கிறது. ஒரு கணத்தில் மாறுவீதம் அக்கணத்து மதிப்பின் ஒரு மடங்கையும், அக்காலத்தின் குறிப்பிட்ட பின்னத்தில் இருந்த மதிப்பின் ஒரு மடங்கையும் கூட்டியதாகும். பின்னம் அரை எனில் 8-ஆவது நொடி 4-ஆவது நொடியை நினைவுகொள்கிறது. 80-ஆவது நொடியோ 40-ஆவது நொடியை நினைவுகொள்கிறது.

3. மூன்று கட்டுரைகளின் ஆண்டு: 1971

ஒரு பொறியியல் கேள்வி கணித ஆய்வாக விரிந்ததை 1971-ஆம் ஆண்டு வெளிவந்த மூன்று கட்டுரைகள் காட்டுகின்றன. முதலாவது, ஜான் ஆக்கண்டனும் ஆலன் டெய்லரும் எழுதி அரச கழகத்தின் நடவடிக்கைகள் இதழில் வெளியான கட்டுரை. மின்பொறி வண்டியின் மின்னேற்பு அமைப்பின் இயக்கவியலே அதன் பொருள். கம்பி, தாங்கி, பாண்டோகிராப் ஆகியவற்றிலிருந்து சமன்பாட்டை வருவிப்பது அதன் பணி. இரயில்வேயின் கேள்விக்கு மிக நெருக்கமாக நிற்பது அதுவே.

இரண்டாவது, ஃபாக்ஸ், டேவிட் மேயர்ஸ், ஆக்கண்டன், டெய்லர் ஆகிய நால்வர் எழுதியது. கணிதம் மற்றும் அதன் பயன்பாடுகளுக்கான கழகத்தின் இதழில் இது வெளிவந்தது. இதில் கம்பியும் வண்டியும் பின்னே சென்றன; சமன்பாடே ஆய்வுப் பொருளாயிற்று. எண்ணியல் பகுப்பாய்வாளர் இருவர் இதில் பங்கேற்றது தற்செயல் அன்று. இச்சமன்பாட்டைக் கணிப்பொறியில் தீர்ப்பது புதிய இடர்களை எழுப்பியது. ஒரு கணத்தின் மதிப்பைக் கணக்கிட அதன் பின்னமான காலத்து மதிப்பு தேவை. அக்காலம், ஏற்கெனவே கணக்கிட்டு வைத்த புள்ளிகளுள் ஒன்றாக அமையாதபோது இடைச்செருகல் முறையால் மதிப்பிட வேண்டும். மேலும், கணக்கீடு நீள நீள நினைவில் வைத்திருக்க வேண்டிய பழைய மதிப்புகளும் பெருகிக்கொண்டே செல்லும்.

மூன்றாவது, டோசியோ கேட்டோவும் பிரைஸ் மக்லியோடும் இணைந்து எழுதி அமெரிக்கக் கணிதக் கழகத்தின் செய்தி இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரை. மக்லியோட் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பகுப்பாய்வாளர். ஜப்பானில் பிறந்த கேட்டோ கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகப் பேராசிரியர். நேரியல் செயலிகளின் சிற்றுலைவுக் கோட்பாடு பற்றி 1966-இல் வெளிவந்த அவரது நூல் அத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுவது. குவாண்டம் இயக்கவியலின் கணித அடித்தளங்களில் பெயர்பெற்ற ஒருவர், இரயில் கம்பியில் பிறந்த சமன்பாட்டிற்கு நிறுவல்கள் எழுத முன்வந்தார். இங்கே கூட்டாய்வு ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லையைக் கடந்து அட்லாண்டிக்கின் மறுகரையை எட்டியது.

கேட்டோவும் மக்லியோடும் நிறுவியவற்றுள் இரண்டைச் சுட்டலாம். பின்னம் ஒன்றைவிடச் சிறியதாயின், சுழிய நேரத்து மதிப்பு ஒன்றே முழுத் தீர்வையும் உறுதிசெய்கிறது. அத்தீர்வை எங்கும் குவியும் அடுக்குத் தொடராக எழுதலாம். அவ்வெண் ஒன்றைவிடப் பெரியதாயின் நிலைமை தலைகீழாகிறது: ஒரே தொடக்க மதிப்பிற்கு எண்ணற்ற தீர்வுகள் உண்டு. இது முதல் முடிவு. இரண்டாவது, தீர்வு தேயும் முறை பற்றியது. எளிய வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வு தேயும்போது அடுக்குக்குறிச் சார்பாக விரைந்து தேயும். இச்சமன்பாட்டிலோ, உரிய நிபந்தனைகளின்கீழ், தீர்வு காலத்தின் ஓர் எதிர்ம அடுக்காக மெதுவாகவே தேய்கிறது. பழைய அசைவுகளின் நினைவு எளிதில் அழிவதில்லை என்பதே இதன் பொருள்.

மூன்று கட்டுரைகளையும் ஒருசேர நோக்கினால் ஒரு வேலைப்பகுப்பு தெரிகிறது. ஒன்று கேள்வியைக் கணிதமாக்கியது. மற்றொன்று கணிதத்தை எண்களாக்கியது. இன்னொன்று எண்கள் காட்டிய போக்கிற்கு நிறுவல் தந்தது. இப்பகுப்பு எந்த ஒப்பந்தத்திலும் முன்கூட்டி எழுதப்பட்டதன்று. சிக்கலின் எந்தப் பகுதி எவருக்கு உரியது என்பதைச் சிக்கலே தீர்மானித்தது.

4. பெயர் பெறுமுன் தோன்றிய வடிவங்கள்

இச்சமன்பாடு 1971-இல்தான் முதன்முதலில் தோன்றியது எனக் கொள்வது வரலாற்றுப் பிழையாகும். அதன் வடிவம் குறைந்தது இரு துறைகளில் முன்பே தலைகாட்டியிருந்தது.

முதலாவது, எண் கோட்பாடு. ஓர் எண்ணைச் சிறிய எண்களின் கூட்டுத்தொகையாக எத்தனை வகையில் எழுதலாம் என்பது எண் பிரிவினைச் சிக்கல். பொதுப் பிரிவினைகளுக்கு ஹார்டியும் இராமானுஜனும் 1918-இல் வெளியிட்ட வாய்பாடு புகழ்பெற்றது. அதுவே கேம்பிரிட்ஜில் விளைந்த ஒரு கூட்டாய்வின் பயன். கூட்டப்படும் எண்கள் யாவும் ஒரே எண்ணின் அடுக்குகளாகவே இருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடுள்ள பிரிவினைகளைக் குர்ட் மாலர் 1940-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆராய்ந்தார். இரண்டின் அடுக்குகளை மட்டும் கொண்டு 10-ஐ 14 வகையிலும், 8-ஐ 10 வகையிலும் எழுதலாம். இவற்றின் வேறுபாடு 4. 5-ஐ எழுதும் வகைகளும் 4. பொதுவாக, ஓர் இரட்டை எண்ணுக்கும் அதற்கு முந்தைய இரட்டை எண்ணுக்கும் உரிய வகைகளின் வேறுபாடு, அவ்வெண்ணின் பாதிக்குரிய வகைகளுக்குச் சமம். வேறுபாட்டை மாறுவீதமாகக் கருதினால், ஓரிடத்து மாறுவீதம் அதன் பாதியிடத்து மதிப்பைப் பொறுத்தது என்றாகிறது. பாண்டோகிராப் சமன்பாட்டின் உருவம் இதுவே. டச்சுக் கணிதர் டி புரூயினும் மாலரின் இச்சிக்கலைத் தொடர்ந்து ஆராய்ந்தார்.

இரண்டாவது, வானியற்பியல். பால்வழி மண்டலத்தின் ஒளிர்வு திசைக்குத் திசை ஏற்ற இறக்கம் கொள்வதற்கு விண்மீன்களுக்கிடையே உள்ள மேகங்கள் காரணம் என்னும் கருத்தை ஆர்மீனிய வானியலாளர் விக்டர் அம்பார்ட்சூமியன் 1944-இல் கணிதமாக்கினார். ஒவ்வொரு மேகமும் தன்னைக் கடக்கும் ஒளியை ஒரு குறிப்பிட்ட பின்னமாகக் குறைக்கிறது. ஆகவே, காணும் ஒளிர்வு ஒரு மதிப்பை அடைவதன் நிகழ்தகவு, மேகம் மறைக்குமுன் இருந்த பெரிய மதிப்பின் நிகழ்தகவோடு பிணைகிறது. சுப்பிரமணியன் சந்திரசேகரும் கைடோ மூன்ச்சும் சிக்காகோ பல்கலைக்கழகச் சூழலில் இக்கருத்தை விரித்து, 1950-க்கும் 1952-க்கும் இடையில் வானியற்பியல் இதழில் தொடர்கட்டுரைகளாக வெளியிட்டனர்.

இம்முன்னோடிகள் எவரும் திறனில் குறைந்தவர் அல்லர். எனினும் அவர்களுடைய சமன்பாடு அவரவர் துறையின் தேவைக்கு விடையளித்தபின் அத்துறையிலேயே தங்கிவிட்டது. மாலருக்கு வேண்டியது பிரிவினைகளின் எண்ணிக்கை. அம்பார்ட்சூமியனுக்கும் சந்திரசேகருக்கும் வேண்டியது ஒளிர்வின் பரம்பல். சமன்பாடு அவர்களுக்கு வழி. அதுவே சேரிடம் அன்று. எல்லா மாறிலி மதிப்புகளுக்கும் தீர்வின் இருப்பு, ஒருமை, நெடுங்காலப் போக்கு ஆகியவற்றை ஒருங்கே கேட்கும் தேவை அங்கே எழவில்லை. 1971-இன் சூழலில் அத்தேவை எழுந்தது. ஏனெனில் அங்கே ஒரே பொருளைப் பல நோக்குடையவர்கள் சூழ்ந்து நின்றனர். ஒருவருக்கு விடை போதுமானபோது மற்றவருக்குக் கேள்வி அப்போதுதான் தொடங்கியது.

5. கூடல் முறையின் பரவல்

தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டிலேயே நடைபெற்ற கூடல்கள் 1980-களில் பிற பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கும் சுழற்சி முறையில் செல்லத் தொடங்கின. ஆஸ்திரேலியாவில் 1984-இல் அந்நாட்டின் அறிவியல் தொழில்துறை ஆய்வு அமைப்பைச் சேர்ந்த நோயல் பார்ட்டனின் முயற்சியால் இதே முறையில் கூடல் தொடங்கியது. அமெரிக்காவில் ரென்சலியர் பல்தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் 1985 முதல் தொழில்துறைக் கணிதச் சிக்கல்களுக்கான ஆண்டுப் பட்டறையை ஏற்று நடத்தியது. தொழில்துறைக் கணிதத்திற்கான ஐரோப்பியக் கூட்டமைப்பு 1986-இல் உருவாயிற்று. 1998-இல் நெதர்லாந்தும் டென்மார்க்கும் கூடல்களை நடத்தின. 2004 முதல் தென்னாப்பிரிக்காவிலும் இம்முறை வேர்கொண்டது.

இப்பரவலில் கருதத்தக்கது, எந்த மைய நிறுவனமும் இதனை ஆணையிட்டுப் பரப்பவில்லை என்பதாகும். ஒரு கூடலில் பங்கேற்றவர் தம் ஊருக்குத் திரும்பி அதே வடிவில் மற்றொன்றைத் தொடங்குவது வழக்கமாயிற்று. ஒரு வாரம், சில சிக்கல்கள், சில அறைகள் என்னும் எளிய தேவைகளே அதற்குக் காரணம். ஆக்ஸ்ஃபோர்டிலும் முறைசார் நிறுவனம் பின்னரே வந்தது. தொழில்துறை மற்றும் பயன்பாட்டுக் கணிதத்திற்கான ஆக்ஸ்ஃபோர்டு மையம் டெய்லரின் தலைமையில் 1989-இல் அமைந்தபோது, கூடல்கள் தொடங்கி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. பழக்கம் முன்னே சென்றது; கட்டடம் அதன் பின்னே எழுந்தது.

6. சமன்பாட்டின் பிற்கால வாழ்வு

சமன்பாட்டின் பயணமும் இதே காலத்தில் தொடர்ந்தது. நியூசிலாந்தில் ஹால், கிரீம் வேக் ஆகிய இருவர் 1989-ஆம் ஆண்டுக் கட்டுரையில் உயிரணு வளர்ச்சியை ஆராயும்போது இதன் மற்றொரு வடிவத்தை எதிர்கொண்டனர். வளரும் உயிரணு இரண்டாகப் பிரிகிறது எனக் கொண்டால், ஓர் அளவில் பிறக்கும் சேய் உயிரணு அதைப்போல் இருமடங்கு அளவுள்ள தாயிலிருந்து வருகிறது. ஆகவே ஓர் அளவிலுள்ள உயிரணுக்களின் அடர்த்தி, இருமடங்கு அளவிலுள்ளவற்றின் அடர்த்தியோடு தொடர்புகொள்கிறது. இது கேட்டோவும் மக்லியோடும் எண்ணற்ற தீர்வுகள் உண்டு எனக் காட்டிய வகை. ஆனால் உயிரியல் இங்கே ஒரு கட்டுப்பாட்டைத் தருகிறது: தேடுவது நிகழ்தகவு அடர்த்திச் சார்பு, அது எதிர்ம மதிப்பு கொள்ளாது, அதன் மொத்தம் ஒன்று. இக்கட்டுப்பாடு பொருத்தமான தீர்வைத் தேர்ந்தெடுத்துத் தருகிறது. தூய பகுப்பாய்வில் குறையாகத் தோன்றிய பன்மை, பயன்பாட்டில் தேர்வுக்குரிய இடமாக மாறியது.

கேம்பிரிட்ஜில் அரியே இசர்லெஸ் 1993-இல் ஐரோப்பியப் பயன்பாட்டுக் கணித இதழில் பொதுமைப்படுத்திய பாண்டோகிராப் சமன்பாடு பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் அவரும் மார்ட்டின் பூமானும் இச்சமன்பாட்டின் எண்ணியல் வடிவத்தின் நிலைப்புத்தன்மையை ஆராய்ந்தனர். 1971-இல் ஃபாக்ஸும் மேயர்ஸும் எதிர்கொண்ட இடர், இருபது ஆண்டுகளுக்குப் பின் எண்ணியல் பகுப்பாய்வின் தனித் தலைப்பாயிற்று: உண்மைத் தீர்வு தேயும்போது, கணிப்பொறி தரும் தீர்வும் தேயும் என்பதற்கு உறுதி என்ன என்பதே அக்கேள்வி. காலம் காட்டும் படிகளைப் பெருக்கு வீதத்தில் நீட்டிச்செல்லும் முறைகள் இதன் தொடர்ச்சியாக வளர்ந்தன. காலத்திற்குப் பதிலாக அதன் மடக்கையை மாறியாகக் கொண்டால், வளரும் தாமதம் நிலையான தாமதமாகிவிடும் என்னும் எளிய உண்மையே அம்முறைகளின் அடிப்படை.

7. கூட்டாய்வை மதிப்பிடல்

இவ்வரலாறு இரு வினாக்களை எழுப்புகிறது. முதலாவது, பங்களிப்பை எவ்வாறு அளப்பது என்பது. 1971-இன் மூன்று கட்டுரைகளிலும் ஆசிரியர் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் அமைந்துள்ளன. கணிதத் துறையில் இது நெடுநாள் வழக்கம். பெயரின் இடம் உழைப்பின் அளவைக் காட்டுவதில்லை. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் இவ்வழக்கத்திற்கு இடமளிக்கவில்லை. இருவர் எழுதிய கட்டுரைக்கு இருவருக்கும் 70 விழுக்காடும், இருவருக்கு மேற்பட்டோர் எழுதியதற்கு முதல், முதன்மை அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70 விழுக்காடும், ஏனையோர் ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடும் மதிப்பெண் என அவை வரையறுத்தன. முதற்பெயரைக் கொண்டு கணக்கிட்டால் நால்வர் கட்டுரையில் ஃபாக்ஸுக்கு 70. சமன்பாட்டை வருவித்த ஆக்கண்டனுக்கும் டெய்லருக்கும் 30. இத்தகைய அளவுகோலின்கீழ் இருவர் குழுவில் மூன்றாவது ஒருவரைச் சேர்ப்பது முதன்மை ஆசிரியர் அல்லாதவருக்கு இழப்பாகத் தோன்றும். கூட்டாய்வை ஊக்குவிப்பதாகச் சொல்லும் அமைப்பு, கூடுவதற்குத் தண்டம் விதிப்பதில் முரண் உள்ளது.

இரண்டாவது வினா, கேள்வியின் மூலம் மறக்கப்படுவது பற்றியது. இன்று பாண்டோகிராப் சமன்பாடு புதிய எண்ணியல் முறைகளைச் சோதிக்கும் உரைகல்லாகப் பரவலாகப் பயன்படுகிறது. ஏதேனும் மாறிலிகளை இட்டு, விடை முன்பே தெரிந்த ஒரு சமன்பாட்டை அமைத்து, பிழையின் அளவை அட்டவணையிடுவது அவ்வகைக் கட்டுரைகளின் பொது வடிவம். முன்னுரையில் இரயில் ஒரு வரியில் வந்து மறைகிறது. அம்மாறிலிகள் எந்தக் கம்பிக்கு, எந்த வேகத்திற்கு உரியவை என்னும் வினா எழுவதில்லை. கேள்வி கேட்டவர் அறையைவிட்டு வெளியேறியபின், விடை சொல்பவர்கள் மட்டும் தமக்குள் பேசிக்கொள்ளும் நிலை இது. கூட்டாசிரியர்களின் எண்ணிக்கை இதனை ஈடுசெய்வதில்லை.

எதிர்வாதம் ஒன்றும் உண்டு. மூலக் கேள்வியிலிருந்து விலகியதால்தான் கேட்டோவும் மக்லியோடும் பொதுக் கோட்பாட்டை எட்டினர். உயிரணுக்களுக்கும் அது பயன்பட்டது. இது உண்மையே. ஆனால் அவ்விரு நிகழ்வுகளிலும் விலகல் ஒரு புதிய கேள்வியை நோக்கி அமைந்தது. முன்னதில் தீர்வின் ஒருமை பற்றிய வினாவும், பின்னதில் உயிரணுக்களின் அளவுப் பரம்பல் பற்றிய வினாவும் புதிதாக எழுந்தன. புதிய கேள்விக்காக விலகுவதும் கேள்வியே இன்றி விலகுவதும் ஒன்றல்ல.

முடிவுரை

பாண்டோகிராப் சமன்பாட்டின் வரலாற்றிலிருந்து பின்வரும் முடிபுகளைப் பெறலாம். ஒரு கணித வடிவம் பல துறைகளில் தனித்தனியே தோன்றுவது இயல்பு. அது பொது அறிவாவதற்குத் துறைகளைக் கடந்து ஒரே கேள்வியைப் பகிரும் சூழல் தேவை. 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய ஆய்வுக் கூடல்கள் அத்தகைய சூழலுக்கு எளிய வடிவம் தந்தன. அவ்வடிவம் குறைந்த செலவில், குறுகிய காலத்தில், மைய ஆணையின்றிப் பல நாடுகளுக்குப் பரவியது. அதன் பயன் ஒரு வாரத்தில் முடிந்துவிடவில்லை. பெர்க்லியிலும் நியூசிலாந்திலும் கேம்பிரிட்ஜிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்தது.

தமிழகத்துக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கணிதத் துறைகளின் அருகிலேயே நெசவாலைகளும், வார்ப்பாலைகளும், பாசனக் கட்டமைப்புகளும் உள்ளன. அவற்றின் பொறுப்பாளர்கள் தம் சிக்கலைத் தம் மொழியில் சொல்ல, பல கல்லூரிகளின் ஆசிரியரும் மாணவரும் ஒரு வாரம் அமர்ந்து கேட்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. அவ்வாரத்தில் விளைவதைப் பெயர் வரிசையாலும் விழுக்காட்டாலும் மட்டுமே அளக்காத மதிப்பீட்டு முறையே முதலில் தேவைப்படுகிறது.